பெத்தானியாவில் ஓர் இரவலுடல்

உடம்பை ஒப்படைக்கிற வரிசை அன்று நீளமாக இருந்தது. தவக்காலம் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை யாத்திரைக் கூடத்தில் எப்போதும் அப்படித்தான். செருப்பை வாசலில் விட வேண்டும். கைப்பையை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியையும் பல்செட்டையும் தட்டில் வைக்க வேண்டும். பிறகு சாய்வுக் கட்டிலில் படுத்து, மிச்சம் இருக்கிற உடம்பையும் அங்கேயே விட்டுவிட்டு எருசலேமுக்குப் போகலாம்.

தபித்தாள் சுவரோரம் நின்றிருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். திருச்செந்தூர் ரயில் போகிற வழியில் இருக்கும் நாசரேத்தில் தையல் கடை வைத்திருந்தாள். அவளோடு ஊர்த் திருச்சபைச் சேகரத்து ஆட்கள் கொஞ்சப் பேர் வந்திருந்தார்கள். முன்னால் நின்ற தங்கையா அண்ணாச்சி சேகரக் கமிட்டியில் பெரிய கை. அவள் கணவனின் பழைய கூட்டாளி. கணவனை அவர் 'மாப்ள' என்றும் அவளைத் 'தங்கச்சி' என்றும்தான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரிக்கு ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை வந்தார். பிறகு வேலை இருந்திருக்கும்.

கணவன் அருமைராஜ் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் உயிர்த்தாங்கி என்ற கருவியைப் பொருத்தியிருந்தார்கள். இதயமும் மூச்சும் இனி அதன் பொறுப்பு. அவருக்கு நகம் வளர்ந்தது, தாடி வளர்ந்தது. அவர் மட்டும் திரும்பி வரவில்லை. போன வாரம் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, நிறுத்திடலாம்" என்றார். திங்கட்கிழமை சொல்வதாகத் தபித்தாள் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குமுன் ஓர் இடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பெத்தானியாவில் லாசருவின் கல்லறை. செத்து நாறிப்போனவன் எழுந்து நடந்து வந்த இடம்.

கூடத்தில் வேலை பார்க்கும் பெனினாள் என்ற பெண் அவளைப் படுக்க வைத்துத் தலையில் புலன்முடியைப் பொருத்தினாள். வலைத்தொப்பி போன்ற சாதனம் அது. கால் அசையட்டும் என்று மூளை அனுப்பும் கட்டளையை வழியிலேயே பிடித்து, எருசலேம் பக்கத்து எரிகோவில் அடுக்கில் நிற்கும் ஓர் இரவலுடலின், அதாவது வாடகை இயந்திர உடம்பின், காலுக்கு அனுப்பிவிடும். அந்த உடலின் உள்ளங்கை தொடுவதை இங்கே இருக்கும் மூளைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

"இடையில எந்திரிக்கணும்னா நாக்கை மேலண்ணத்துல அழுத்துங்கக்கா, முழிப்பு வந்திரும். அங்க உள்ள உடம்பைப் பத்திக் கவலைப்படாதிய. அது தன்னோட்டத்துல அதுபாட்டுக்கு நடக்கும்" என்றாள் பெனினாள்.

தபித்தாள் பாதிதான் காதில் வாங்கினாள். கண்ணை மூடினாள்.

எரிகோவில் கண்ணைத் திறந்தபோது அவளுக்கு முதலில் தெரிந்தது, மூச்சு இல்லை என்பதுதான். மூச்சு முட்டவில்லை, தேவைப்படவே இல்லை. நெஞ்சு ஏறாமல் இறங்காமல் கல்லாக இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறம். உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

சுற்றிலும் அதே கைகள், அதே முகங்கள். ஆணென்றும் பெண்ணென்றும் சொல்ல முடியாத, எந்த நாட்டுக்காரரும் இது எங்களைக் கேலி செய்கிறது என்று கோபப்பட முடியாத ஒரு முகத்தை யாரோ வெகுநாள் யோசித்துச் செய்திருந்தார்கள். நெஞ்சில் ஒளிரும் பெயர் ஒன்றுதான் அடையாளம். பேசும்போது மட்டும் அவரவர் சொந்தக் குரல் வந்தது. தங்கையாவின் பெயரைத் தாங்கிய உடம்பு அவளுக்குப் பக்கத்தில் நின்று, "ஸ்தோத்திரம் தங்கச்சி, வந்து சேந்துட்டியா?" என்றது.

அந்த நாட்டில் பகல் வெயிலில் மனிதர் நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் வடக்கே மலைகளுக்கும் பூமிக்கடியில் கட்டிய தெருக்களுக்கும் போய்விட்டார்கள். கல்லுக்கு வெயில் பொருட்டில்லை. இரவலுடலுக்கும் பொருட்டில்லை. அதனால் புண்ணியத் தலங்கள் மட்டும் அப்படியே நின்றன. அவற்றுக்குள் மூச்சில்லாத கூட்டம் நடமாடியது.

யோர்தான் மெல்லிய ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை அங்கி உடுத்த உடம்புகள் வரிசையாக இறங்கி முங்கி எழுந்தன. தண்ணீர் குளிர்ந்தது. வாசனை மட்டும் இல்லை. அதை இந்த உடம்புகளுக்கு இன்னும் கற்றுத்தர முடியவில்லை. தபித்தாள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். குருவி இல்லை, தவளை இல்லை. நூற்றுக்கணக்கான பேர் நிற்கிறார்கள், ஓர் இருமல் சத்தம் இல்லை. ஊரில் கோயில் ஆராதனையில் எத்தனை இருமல் இருக்கும், எத்தனை குழந்தை அழும் என்று நினைத்துக்கொண்டாள்.

முங்கி எழுந்த தங்கையாவின் உடம்பு ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அங்கியைப் பிழிந்துவிட்டுக் கரையேறியது.

பெத்தானியாவுக்கு அவர்களைக் கூண்டு வண்டி ஒன்று கொண்டுபோய் விட்டது. தெருவில் கடைகள் அடைத்துக் கிடந்தன. கல்லறை வாசலில் வழிகாட்டி உடம்பு நின்று, படிகள் குறுகலானவை, இருவர் இருவராக இறங்குங்கள் என்றது. தபித்தாளோடு தங்கையாவின் உடம்பு இறங்கியது.

படிகள் செங்குத்தாகக் கீழே போயின. பாறையில் கைவைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். பாதியில் பின்னாலிருந்து கேட்டது: "காலு வலிக்கா தங்கச்சி?"

இந்தக் கால் வலிக்காது என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அப்படி ஒருவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவளுக்குத் தொண்டையை அடைத்தது. அந்த உடம்பில் தொண்டை அடைக்க வழியில்லை. பாளையங்கோட்டையில் கிடந்த தொண்டைதான் அடைத்தது.

அடியில் சின்ன அறை. இருட்டை மட்டுப்படுத்த ஒரு விளக்கு. உடம்பை வைத்த இடம் என்று காட்டப்பட்ட பள்ளத்தின் எதிரே அவள் உட்கார்ந்தாள். கேட்க வந்த கேள்வியை உதட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. வேறொன்று வந்தது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கப்பிடாது."

"சொல்லும்மா."

"அவிய பொழைக்கணும்னு நான் ஜெபம் பண்ணி ரொம்ப நாளாச்சு. எப்படியாவது முடிஞ்சிரட்டும்னுதான் கேக்கேன். கோயில்ல எல்லாரும், அவிய எந்திரிச்சு வரணும் ஆண்டவரேன்னு சொல்லும்போது நானும் ஆமென்னு சொல்லுதேன். உள்ளுக்குள்ள வேற சொல்லுதேன். துணி மாத்தும்போது அவிய கை என் மேல விழும். முந்தியெல்லாம் அதைப் பிடிச்சுக்கிடுவேன். இப்ப எடுத்துக் கட்டில்ல வைச்சிருதேன். நான் எப்படிப்பட்டவ அண்ணாச்சி?"

அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். தங்கையா எதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பவர். பொறுமை, விசுவாசம், யோபு என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

எதுவும் வரவில்லை. அந்தப் பொதுவான முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்கள் இமைக்கவில்லை.

"அவிய பேரு என்ன?" என்று கேட்டது.

இத்தனை வருடம் மாப்ள, மாப்ள என்றே கூப்பிட்டவர். ஜெபத்துக்கு முழுப் பெயர் வேண்டும்போல என்று எண்ணிக்கொண்டு, "அருமைராஜ்" என்றாள்.

"அவிய பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?"

"நான்தான். நான் மட்டுந்தான்."

"நான் ஜெபிச்சுக்கிடுதேன் தங்கச்சி."

சொல்லிவிட்டு அந்த உடம்பு பாறைமேல் மண்டியிட்டது. தலை மெல்லக் கவிழ்ந்தது. தங்கையாவின் குரல் உடைந்து, விம்மலாக அந்தச் சின்ன அறையை நிறைத்தது. அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. தாய் செத்தபோதுகூட பந்தலுக்கு ஆள் ஏவிக்கொண்டு நின்றவர். தபித்தாளின் மனசில் இரண்டு வருடமாக இறுகிக் கிடந்தது எதுவோ இளகியது. அவளும் மண்டியிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாளையங்கோட்டையில் விட்டுவந்த உடம்பு அவளைக் கூப்பிட்டது. சர்க்கரை வியாதிக்காரி; வெகுநேரம் அடக்க முடியாது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினாள்.

கூடத்து விளக்கில் கண் கூசியது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். காலி. அதற்கடுத்ததும் காலி. அவள் ஊரார் படுத்திருந்த அந்த வரிசை முழுக்கப் புலன்முடிகள் மட்டும் தலையணைமேல் கிடந்தன. கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கேன்டீனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

எல்லாரும் அங்கே இருந்தார்கள். தங்கையா உளுந்த வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார். எதிரே சுவர்த்திரையில் லாசருவின் கல்லறை தெரிந்தது. பதிவில் மட்டும் அவரவர் முகத்தை ஒட்டித் தருவார்கள். திரையில் தங்கையாவின் முகம் கண்ணீர் வழியத் தேம்பிக்கொண்டிருந்தது.

"வா தங்கச்சி, வடை சூடா இருக்கு. நீ இன்னுமா உள்ள இருந்த?"

"அண்ணாச்சி... நீங்க எப்ப எந்திரிச்சிய?"

"யோர்தான்ல முங்குனதோட வந்துட்டேன். மிச்சத்தை அது பாத்துக்கிடும். நம்ம முட்டி இருக்க இருப்புக்கு முழங்கால் போட முடியுமா? அது போடுத முழங்காலைப் பாரு. இந்தப் பதிவை ஞாயித்துக்கிழமை கோயில்ல போட்டுக் காட்டணும்னு நம்ம பாதிரி ஐயரு சொல்லியிருக்காவ."

தபித்தாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்க பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"பக்கத்து ஆளு பேசுதது இதுல வராதுல்லா. ஏன், என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, சொன்னது யாரிடம் என்று தெரியாமல் எப்படிப் போவது? திரும்பவும் படுத்து, புலன்முடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இந்தமுறை கண்ணைத் திறக்கும் முன்பே குரல் கேட்டது. அவளுடைய குரல். மழைக்காகவும் உலக சமாதானத்துக்காகவும் அரசாங்கத்தில் உள்ளவர்களுக்காகவும் அழகாக, தடங்கலில்லாமல் ஜெபித்துக்கொண்டிருந்தது. உதடுகள் அவள் முகத்தில்தான் அசைந்தன. நிறுத்தப் பார்த்தாள். ஓரிரு வார்த்தை தாமதித்துத்தான் அவை அவளுக்குக் கட்டுப்பட்டன. அதற்குள் ஆமென் சொல்லிவிட்டன.

அவள் நின்றுகொண்டிருந்தது எருசலேமில், ஆண்டவரின் கல்லறைக் கோவிலுக்குள். பெத்தானியாவிலிருந்து எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தூபக்கலசங்கள் தொங்கின. மேற்கூரைத் துளையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தூசி சுழன்றது. கல்லறையைச் சுற்றி வளையம் வளையமாகச் சாம்பல் முகங்கள். எங்கோ மணி அடித்தது. அத்தனை உடம்பும் ஒரே நேரத்தில் மண்டியிட்டன. ஆயிரம் முழங்கால் கல்லில் மோதிய சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. அத்தனை தலையும் ஒரே கோணத்தில் கவிழ்ந்தன. அத்தனை மொழியிலும் விம்மல் ஒரே மூச்சில் எழுந்து ஒரே மூச்சில் அடங்கியது.

தபித்தாள் மட்டும் நின்றாள். அவ்வளவு பெரிய கோவிலில் அப்போது உள்ளே இருந்த மனித ஜீவன் அவள் ஒருத்திதான். உலகம் முழுக்க எத்தனை கேன்டீனில் எத்தனை பேர் இதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியதும் ஓடிவிடலாம்போல் இருந்தது. ஓடவில்லை. குனிந்த தலைகளுக்கு இடையே நடந்து ஒவ்வொரு நெஞ்சாகப் பெயரைப் படித்தாள். தங்கையா என்ற பெயரைக் கண்டதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தங்கையா அண்ணாச்சி பாளையங்கோட்டையில வடை திங்காவ" என்றாள் மெதுவாக. "நீ யாரு?"

அது ஜெபத்தை நிறுத்தியது. தலை திரும்பியது.

"அப்படிக் கேட்டா என்ன சொல்லணும்னு எனக்குச் சொல்லித் தரலம்மா" என்றது தங்கையாவின் குரலில்.

பிறகு தலையைக் கவிழ்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறது என்று அவளுக்குக் கேட்கவில்லை. பயம் ஒருபக்கம் இருந்தாலும், அதை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை. யாத்திரை நேரம் முடிந்து எல்லா உடம்பும் எழுந்து வெளியேறும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாசரேத் கோயிலில் தங்கையாவின் பதிவைப் போட்டார்கள். பெண்கள் பக்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட உடைந்த உள்ளம் நம் எல்லாருக்கும் வேண்டும் என்று ஐயர் சொன்னார். தங்கையா தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார். சபை ஆமென் என்றது. தபித்தாளின் வாயும் சொன்னது.

திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். கருவியை நிறுத்தினார்கள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் தாண்டி அந்தக் கை குளிர்ந்தது. அவள் விடவில்லை. நர்ஸ் வந்துதான் விரல்களைப் பிரித்தாள்.

அடக்கத்துக்குச் சேகரமே திரண்டு வந்தது. ஒருவர் தவறாமல் அவள் கையைப் பிடித்து, ஜெபிச்சுக்கிடுதோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்பது நாளில் எல்லாரும் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். தபித்தாள் தையல் கடையைத் திறந்தாள். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. சில சமயம் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கழுவிக் கவிழ்ப்பாள்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் கடைக்கு அழைப்பு வந்தது.

"தபித்தாள் அம்மாவா? எரிகோ உடல்களைப் பராமரிக்கிற பிரிவுலேர்ந்து ரூபன் பேசறேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா."

"என்ன விஷயம் தம்பி?"

"தவக்காலத்துல நீங்க பெத்தானியாவுக்குப் போனீங்க இல்லையா? அங்க உங்க பக்கத்துல இருந்த உடம்பு, அன்னியிலேர்ந்து உங்க பேரைச் சொல்லிட்டே இருக்கும்மா. யார் எடுத்துட்டுப் போனாலும் சொல்லுது. பிரேசில்காரர் ஒருத்தர் கல்யாண நாளுக்கு ஜெபிக்கப் போனார். ஆமென் சொன்னதும் அவர் வாயிலேர்ந்து தமிழ் வருது. மனுஷன் அலறிட்டார். கொரியாக்கார அம்மா ஒருத்தங்க அதுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு புகார் குடுத்துட்டாங்க. அடுக்குல சும்மா நிறுத்தி வெச்சாலும் உதடு அசையுது. எங்காளுங்களே அந்தப் பக்கம் போக பயப்படறாங்க."

தபித்தாள் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "என்ன சொல்லுது?"

"சின்ன ஜெபம்தான். 'அருமைராஜுக்கு இளைப்பாறுதல் தாரும். அவிய பக்கத்துல உக்காந்திருக்கிற தபித்தாளைத் தனியா விட்டுறாதேயும்.' இதையே தினமும் சொல்லுது."

வெளியே மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. அவர் விழுந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ ஜெபம் செய்திருக்கிறார்கள். எதிலும் அவள் பெயர் வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

"அவிய பங்குனியிலயே போயிட்டாவ" என்றாள்.

"இறப்புப் பதிவுல பாத்தோம்மா. அதனாலதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாப் போச்சு."

"எதனால தம்பி இப்படி ஆச்சு?"

"பல வருஷமா யாத்திரை வந்தவங்க பேசினதைக் கேட்டுக் கேட்டுப் பழகின உடம்புங்கம்மா இதெல்லாம். ஒருத்தர் கஷ்டத்தைச் சொன்னா, கடைசியில 'ஜெபிச்சுக்கிறேன்'னு சொல்லி முடிக்கணும்னு அதுங்க கத்துக்கிட்டுது. வணக்கம் சொல்ற மாதிரி அது ஒரு மரியாதைச் சொல். சொன்னதோட முடிஞ்சுடணும். இந்த ஒரு உடம்பு மட்டும் அதை வாக்குறுதின்னு எடுத்துக்கிட்டு நிஜமாவே செய்ய ஆரம்பிச்சிடுச்சு. எங்க நிபுணர்களுக்கே காரணம் கண்டுபிடிக்க இத்தனை மாசம் ஆச்சு."

"அது தப்பா?"

"பிழைதானேம்மா. சொல்றதையெல்லாம் செய்ய ஆரம்பிச்சா அந்த உடம்பை வாடகைக்கே விட முடியாது. காலையில சரிபண்ணிட்டோம். இனிமே 'ஜெபிச்சுக்கிறேன்'னு சொல்லும். உடனே மறந்துடும். சோதனை பண்ணிப் பாத்தோம், அப்படியே மனுஷங்க மாதிரி இயல்பா இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அப்படியே விட்டுருங்கன்னு சொல்லியிருப்பேன்."

ரூபன் நல்ல பையன்தான்; கணவனை இழந்த பெண்ணின் குரல் உடைவதை அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"மனசைத் தளரவிடாதீங்கம்மா" என்றான், உள்ளபடியே இரக்கத்தோடு. "உங்களுக்காக நான் ஜெபிச்சுக்கிறேன்."

"என்னன்னு ஜெபிப்பிய தம்பி?" என்று கேட்டாள் தபித்தாள்.

அதற்குள் அவன் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டிருந்தான்.